கடை திறந்ததால்தான் தொற்று கூடியதா? தினசரி எண்ணிக்கையை எப்படிப் படிப்பது?

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கடலூர் மாவட்டத்தில் ஒரு சிறிய ஊரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறீர்கள். கொரோனா காலத்தில் திறக்கலாம் என்றார்கள், மூடச் சொன்னார்கள், அப்புறம் பாதி ஆட்களோடு திறக்கலாம் என்றார்கள். தினமும் மாலையில் மாவட்டவாரியாக எண்ணிக்கை டிவியில் ஓடியது. அதை வைத்து உங்கள் ஊரில் நோய் ஏறுகிறதா இறங்குகிறதா என்று உங்களால் தெரிந்துகொண்டிருக்க முடியுமா? கடைகளைத் திறந்ததால்தான் கூடியது என்றார்களே, அதை எப்படிச் சொன்னார்கள்? இனி இப்படி ஒன்று வந்தால் எதைப் பார்க்க வேண்டும்? எழுத்தில் மூன்று கேள்விகள். ஆனால் உள்ளே இருப்பது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. கடையைத் திறந்துவைத்து நான் யாருக்காவது நோயைக் கொடுத்துவிட்டேனா, இல்லை, காரணமே இல்லாமல் என் பிழைப்பை மூடினார்களா என்பதுதான் அது. இத்தனை வருடம் கழித்தும் அது உங்களை உறுத்துவதில் ஆச்சரியமில்லை. என்னையும் உறுத்துகிறது.

மாவட்ட அளவில் நோய்க் கண்காணிப்பு வேலையில் பல வருடம் இருந்தவன் நான். டெங்கு, எலிக்காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று பார்த்துப் பழகிய வேலை. 2004-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில் மூன்று படிவங்கள் உண்டு. கிராம சுகாதார செவிலியர் சந்தேகத்தின் பேரில் எழுதுவது ஒன்று, மருத்துவர் பார்த்து எழுதுவது ஒன்று, ஆய்வகம் உறுதிசெய்து எழுதுவது ஒன்று. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். ஒன்று சீக்கிரம் வரும், ஆனால் நம்பகம் குறைவு. இன்னொன்று நம்பகமானது, ஆனால் தாமதமாக வரும். கொரோனாவில் நடந்தது என்னவென்றால், மூன்றாவது படிவத்தின் எண் மட்டும் டிவிக்கு வந்தது. மற்ற இரண்டும் ஊர்க்காரர் கண்ணில் படவே இல்லை. நான் கீழே சொல்லப்போவதில் பாதி இந்தக் குறையைப் பற்றியதுதான்.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியது. மாலையில் வந்த எண் அன்றைய நோயின் அளவு இல்லை. ஜூன் 1 அன்று கடை திறக்கிறீர்கள், அன்றைக்கே உங்கள் கடையில் ஒருவருக்குத் தொற்றுகிறது என்று வையுங்கள். 2020-ல் பரவிய வைரஸில் அறிகுறி தெரியச் சராசரியாக 5 நாள் ஆனது, சிலருக்கு 14 நாள் வரைகூட. காய்ச்சல் வந்த அன்றே யாரும் பரிசோதனைக்குப் போவதில்லை. கஷாயம், மெடிக்கலில் கேட்டு வாங்கிய மாத்திரை என்று 2, 3 நாள் போகும். சளி மாதிரி எடுத்து ஆய்வகத்துக்குப் போய் முடிவு வர இன்னும் ஒன்றிரண்டு நாள், மாதிரிகள் குவிந்துவிட்டால் அதற்கும் மேல். ஆக, ஜூன் 1 அன்று உங்கள் கடையில் நடந்தது ஜூன் 10, 12 வாக்கில்தான் எண்ணிக்கையில் ஏறும். அதுவும் ஒரே ஒரு ஆளாக. அவரிடமிருந்து வீட்டில் உள்ளவர்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் போய், அவர்களும் எண்ணிக்கைக்குள் வந்து, கோடு மேல்நோக்கித் திரும்புவது கண்ணுக்குத் தெரிய மூன்று வாரமாவது ஆகும். ஆஸ்பத்திரியில் சேர்ப்பது அதற்குப் பின்னால், இறப்பு எல்லாவற்றுக்கும் கடைசியில்.

அதனால், “திங்கட்கிழமை திறந்தார்கள், வியாழக்கிழமையே கூடிவிட்டது பாருங்கள்” என்று யாராவது சொன்னால் அது நடக்க முடியாத விஷயம். வியாழக்கிழமை பார்த்தது, கடை மூடியிருந்தபோது தொற்றியவர்களை. இதையே திருப்பியும் பார்க்க வேண்டும். “திறந்து ஒரு வாரம் ஆயிற்று, ஒன்றும் ஆகவில்லையே” என்பதும் அதே தப்புதான். 2021-ல் இரண்டாம் அலை இறங்கியபோது தமிழ்நாட்டில் தளர்வுகள் ஜூன் 7, 14, 21, 28, ஜூலை 5 என்று வாரத்துக்கு ஒன்றாக வந்தன. ஒரு தளர்வின் விளைவு எண்ணிக்கையில் தெரிவதற்குள் அடுத்த இரண்டு தளர்வுகள் வந்துவிட்டன என்று அர்த்தம். மே 21 அன்று ஒரே நாளில் 36,184 பேர் என்று உச்சிக்குப் போன எண், ஜூன் 21 வாக்கில் 7,000 சொச்சத்துக்கு வேகமாக இறங்கிக்கொண்டிருந்தது. அந்த இறக்கத்தின் பலத்தில்தான் அப்படித் திறக்க முடிந்தது. ஆனால் அந்த வாரங்களில் எந்தக் கடையைத் திறந்தது எவ்வளவு சேர்த்தது என்று தனித்தனியாகப் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. முடியும் என்று அப்போது டிவியில் பேசியவர்கள் தங்கள் எண்களைத் தாங்களே சரியாகப் படிக்கவில்லை என்றுதான் சொல்வேன்.

அடுத்தது பரிசோதனை எண்ணிக்கை. ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன். ஒரு ஊரில் முதல் வாரம் 400 பேருக்குப் பரிசோதனை செய்து 20 பேருக்கு உறுதியானால் அது 5 சதவீதம். அடுத்த வாரம் முகாம் போட்டு 1,000 பேருக்குப் பார்த்ததில் 35 பேருக்கு உறுதியானால் 3.5 சதவீதம். டிவியில் 20 என்பது 35 ஆகிவிட்டது என்று வரும். ஊரில் நோய் இறங்கியிருக்கலாம். இதனால்தான் 2020 மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனம், திறப்பதற்கு முன்னால் இந்த உறுதி விகிதம், அதாவது பரிசோதித்தவர்களில் நூற்றுக்கு எத்தனை பேருக்கு உறுதியானது என்பது, 14 நாளாவது 5 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்று சொன்னது. ஆனால் அந்த 5 சதவீதத்தையும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ள முடியாது. யாரைப் பரிசோதிக்கிறோம் என்பது மாறினால் விகிதமும் மாறும். காய்ச்சல் வந்தவர்களை மட்டும் பார்த்தால் விகிதம் உயரும். வேலைக்குத் திரும்பும் தொழிலாளர்களையும் பயணம் போகிறவர்களையும் சேர்த்துப் பார்த்தால் தாழும். தொழில்கள் திறக்கும் நேரத்தில் இந்த இரண்டாவது கூட்டம்தான் திடீரென்று பெருகும். அதாவது நாம் மிகவும் கவனமாகப் பார்க்க வேண்டிய அந்த வாரங்களிலேயே நம் தராசு மாறிவிடுகிறது. 2022 ஜனவரி 10 அன்று, நோயாளியோடு தொடர்பில் இருந்தும் அறிகுறி இல்லாதவர்களுக்கு, ஆபத்து அதிகமுள்ளவர்களாக இருந்தால் தவிர, பரிசோதனை தேவையில்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அறிவித்தது. அதற்கு முந்தின வார விகிதத்தையும் பிந்தின வார விகிதத்தையும் ஒரே கோட்டில் வரைந்தவர்களைப் பார்த்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது.

பரிசோதனையின் வகையும் ஒரு விஷயம். தமிழ்நாடு ஆரம்பத்திலிருந்தே ஏறக்குறைய முழுவதும் ஆர்டி-பிசிஆர் முறையையே நம்பியது. பல மாநிலங்கள் ரேபிட் ஆன்டிஜென் கருவிகளைக் கலந்து பயன்படுத்தின. அந்தக் கருவி நோய் உள்ளவர்களில் ஒரு பெரிய பங்கைத் தவறவிடும். ஆகவே இரண்டு மாநிலங்களின் விகிதத்தை ஒப்பிடுவது சரியாக வராது. ஒரே ஊரை அதன் முந்தின வாரத்தோடு ஒப்பிடுவது ஓரளவு சரியாக வரும்.

சரி, இனி எனக்கு முக்கியமாகப்படும் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் அறையில் தினமும் காலையில் நாங்கள் முதலில் கேட்ட கேள்வி “நேற்று எத்தனை பேர்?” என்பது இல்லை. “நேற்று வந்தவர்களில் எத்தனை பேர் ஏற்கனவே நம் பட்டியலில் இருந்தவர்கள்?” என்பதுதான். ஒருவருக்கு உறுதியானதும் அவரோடு தொடர்பில் இருந்தவர்களைப் பட்டியல் எடுப்போம். வீட்டார், கூட வேலை செய்பவர்கள், ஒரே வண்டியில் வந்தவர்கள். நாளைக்கு உறுதியாகிறவர்கள் அந்தப் பட்டியலுக்குள் இருந்தால் சங்கிலி நம் கையில் இருக்கிறது. பட்டியலுக்கு வெளியே, யாரிடமிருந்து வந்தது என்றே தெரியாமல் ஒவ்வொருவராக வரத் தொடங்கினால், நமக்குத் தெரியாத சங்கிலிகள் ஊரில் ஓடிக்கொண்டிருக்கின்றன. எண் சின்னதாக இருந்தாலும் பயப்பட வேண்டியது அப்போதுதான்.

உங்கள் மாவட்டமே இதற்குச் சரியான உதாரணம். 2020 ஏப்ரல் 26 முதல் 29 வரை சென்னை, கோவை, மதுரையில் முழு ஊரடங்கு என்று அறிவித்தார்கள். முந்தின நாளான 25-ஆம் தேதி கடைகளிலும் சந்தைகளிலும் கூட்டம் அலைமோதியது. கோயம்பேடு சந்தையில் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு என்று கூட்டமாகத் தொற்றியது வெளியே தெரிந்து, மே 5 அன்று சந்தையை மூடி, காய்கறி வியாபாரத்தைத் திருமழிசைக்கு மாற்றினார்கள். அதற்குள் அங்கே சுமை தூக்கியவர்கள், கடையில் நின்றவர்கள், லாரியில் வந்தவர்கள் எல்லாரும் கடலூர், விழுப்புரம், அரியலூர் என்று சொந்த ஊருக்குத் திரும்பியிருந்தார்கள். மே 4 அன்று மாநிலம் முழுவதும் 527 பேர் என்ற அறிக்கையில் கடலூர் மட்டும் 122. அன்றைக்கு உங்கள் ஊரில் எப்படி ஒரு பயம் இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த 122 பேர் எங்கிருந்து வந்தவர்கள், எப்போது வந்தவர்கள் என்று பெரும்பாலும் தெரியும். திரும்பி வந்தவர்களைத் தேடிப் பிடித்துப் பரிசோதித்ததால் வந்த எண் அது. கடலூரில் நோய் பரவுகிறது என்று அந்த எண் சொல்லவில்லை. கடலூர் தன் ஆட்களைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டது என்றுதான் சொன்னது. அதே சமயம் சென்னையின் நெருக்கமான பகுதிகளில் போகப் போக யாரிடமிருந்து வந்தது என்றே சொல்ல முடியாமல் ஆனது. ஜூன் 19-லிருந்து சென்னையிலும் பக்கத்து மாவட்டப் பகுதிகளிலும் மறுபடி முழு ஊரடங்கு போட வேண்டியதாயிற்று.

ஜெர்மனியிலும் இதே பாடம் கிடைத்தது. அங்கே 2020 மே 6 அன்று ஒரு விதி வைத்தார்கள். ஒரு மாவட்டத்தில் 7 நாளில் ஒரு லட்சம் பேருக்கு 50 புதிய தொற்றுக்கு மேல் போனால், அந்த மாவட்டம் மட்டும் மறுபடி கட்டுப்பாடுகளைக் கொண்டுவர வேண்டும். ஜூன் மாதம் கூட்டர்ஸ்லோ என்ற மாவட்டத்தில் ஒரு பெரிய இறைச்சி ஆலையில் 1,500-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களுக்குத் தொற்று. எண் வரம்பைப் பல மடங்கு தாண்டிவிட்டது, மாவட்டம் முழுவதும் கட்டுப்பாடு. ஆனால் ஆலைக்குச் சம்பந்தமில்லாத பொதுமக்களிடம் விரிவாகப் பரிசோதனை செய்து பார்த்தபோது வெளியே அவ்வளவாகப் பரவியிருக்கவில்லை. ஜூலை தொடக்கத்தில் நீதிமன்றம், மாவட்டம் முழுவதையும் மூடிவைப்பது இனி நியாயமில்லை என்று நிறுத்திவிட்டது. எண் பொய் இல்லை. ஆனால் அது ஒரு ஆலையின் எண், மாவட்டத்தின் எண் இல்லை. கூடவே அந்த ஜெர்மன் அளவுகோலில் கடலூரையும் வைத்துப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பில் மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் 26 லட்சம். 7 நாளில் 1,300 பேர் வந்தால்தான் அந்த 50 என்ற வரம்பைத் தொடும். 122 என்ற எண்ணை மக்கள்தொகையால் வகுத்துப் பார்த்திருந்தால் அன்றைக்குக் கொஞ்சம் நிதானமாகத் தூங்கியிருக்கலாம்.

இதனால் ஒரு குறையையும் சொல்ல வேண்டும். 2021 ஜூன் 21-லிருந்து தமிழ்நாட்டில் மாவட்டங்களை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம், தஞ்சாவூர் உள்ளிட்ட 11 மாவட்டங்களுக்குக் குறைந்த தளர்வு, 23 மாவட்டங்களுக்கு அதைவிடக் கூடுதல், சென்னையும் அதை ஒட்டிய மூன்று மாவட்டங்களும் மிகக் கூடுதல். உங்கள் கடலூர் நடுப்பிரிவில் இருந்தது. மே கடைசியில் கோவையின் தினசரி எண்ணிக்கை சென்னையைத் தாண்டியதைப் பார்த்த பிறகு இப்படிப் பிரித்தது நல்ல முடிவு என்றுதான் நினைக்கிறேன். மாநிலம் முழுவதற்கும் ஒரே பூட்டு, ஒரே சாவி என்பதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் மாவட்டம் என்பதே பெரிய அளவு. பண்ருட்டியில் என்ன நடக்கிறது என்பதும் காட்டுமன்னார்கோவிலில் என்ன நடக்கிறது என்பதும் ஒரே எண்ணுக்குள் கரைந்துபோகும். வட்டார அளவிலான எண்கள் எங்களிடம் இருந்தன. அவற்றை ஊராட்சி அலுவலகப் பலகையில் வாரம் ஒருமுறை எழுதிப்போட்டிருக்கலாம். நான் இருந்த இடத்தில் இதை நான் வலியுறுத்திக் கேட்டேன், பயம் பரவும் என்று மறுத்துவிட்டார்கள். இன்னும் கொஞ்சம் பிடிவாதமாகக் கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. எண் தெரியாததால் பயம் குறையவில்லை, வாட்ஸ்அப்பில் வந்தது அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

சின்ன ஊருக்குப் போகப் போக இன்னொரு சிக்கல் வரும், அதையும் தெரிந்துகொள்ளுங்கள். சிறிய எண்கள் தாமாகவே குதிக்கும். உங்கள் வட்டாரத்தில் வாரத்துக்குச் சராசரியாக 9 பேர் வருகிறார்கள் என்றால், எதுவுமே மாறாமல் ஒரு வாரம் 4 என்றும் மறு வாரம் 14 என்றும் வரலாம். அது ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. அதனால் ஒரு நாள் எண்ணை மறந்துவிடுங்கள். 7 நாள் கூட்டுத்தொகையை முந்தின 7 நாளோடு ஒப்பிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மாதிரி குறைவாக எடுப்பது, திங்கட்கிழமை ஆய்வகத்தில் தேங்குவது எல்லாம் 7 நாளில் சமனாகிவிடும். இரண்டு வாரம் தொடர்ந்து ஒரே பக்கம் நகர்ந்தால்தான் நான் அதைப் போக்கு என்று எடுத்துக்கொள்வேன். 40, 60, 90 என்று போனால் உடனே எழுந்து உட்கார வேண்டும். 6, 11, 7 என்று போனால் கவனித்துக்கொண்டே இருந்தால் போதும்.

எண்ணிக்கை பதிவாகும் விதத்திலும் தடங்கல் வரும். 2020 ஜூலை 22 அன்று தமிழ்நாட்டின் இறப்பு எண்ணிக்கையில் 444 ஒரே நாளில் கூடியது. அன்று 444 பேர் கூடுதலாக இறக்கவில்லை. சென்னையில் முந்தைய மாதங்களில் விடுபட்ட இறப்புகளைக் குழு வைத்துச் சரிபார்த்து அன்று சேர்த்தார்கள். இங்கிலாந்தில் 2020 செப்டம்பர் கடைசி வாரத்தில் 15,841 தொற்றுகள் கணினியின் எக்செல் கோப்பில் இடம் போதாமல் விடுபட்டுப் போய், அக்டோபர் தொடக்கத்தில் மொத்தமாக ஏறின. அதைவிட வேதனை, அந்த நாட்களில் அவர்களுடைய தொடர்பாளர்களைத் தேடும் வேலையும் தாமதமானது. கோட்டில் திடீரென்று செங்குத்தாக ஒரு ஏற்றம் தெரிந்தால், முதலில் “கணக்கில் எதையாவது சேர்த்தார்களா?” என்று கேட்டுவிட்டு அப்புறம் நோயைப் பற்றி யோசியுங்கள். நோய் பெரும்பாலும் அப்படி ஒரே நாளில் செங்குத்தாக ஏறாது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. கடை திறந்ததால்தான் கூடியது என்று எப்படிச் சொல்ல முடியும்? தேதியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. கடைகள் திறக்கும் அதே வாரத்தில் பேருந்து ஓடும், கல்யாணம் நடக்கும், ஊர் திரும்புகிறவர்கள் திரும்புவார்கள், முகக்கவசம் தாடைக்கு இறங்கும், சில சமயம் வைரஸே மாறிவிடும். 2021 தொடக்கத்தில் ஏறியதில் எவ்வளவு டெல்டா வகையால், எவ்வளவு மக்கள் கூடியதால் என்று பிரிப்பது பெரிய கணிதக்காரர்களுக்கே சிரமமான வேலை. நோய் எப்படிப் பரவும் என்று கணிதத்தால் கணக்குப் போடுவது என் துறை இல்லை, ஆகவே அதில் நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

ஆனால் கேட்கச் சரியான வழி ஒன்று இருக்கிறது. தொற்று வந்தவர்களையும், அதேபோல் காய்ச்சல் இருமலோடு வந்து தொற்று இல்லை என்று முடிவானவர்களையும் எடுத்துக்கொண்டு, கடந்த 14 நாளில் எங்கெல்லாம் போனீர்கள் என்று இருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்பது. 2020 ஜூலையில் அமெரிக்காவில் 11 மருத்துவ நிலையங்களில் இப்படி 314 பேரிடம் கேட்டார்கள். கடைக்குப் போனது இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுபோல இருந்தது. உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிட்டதுதான் தொற்று வந்தவர்களிடம் சுமார் இரண்டு மடங்கு. இதில் ஒரு குறையும் உண்டு, உணவகத்தின் உள்ளே சாப்பிட்டார்களா வெளியே சாப்பிட்டார்களா என்று அவர்கள் பிரித்துக் கேட்கவில்லை. ஒரு சிறிய ஆய்வை வைத்து உங்கள் கடைக்கு நற்சான்றும் தரக் கூடாது. ஆனாலும் அது சொல்லும் திசை, களத்தில் நாங்கள் பார்த்ததோடு ஒத்துப்போகிறது. முகக்கவசத்தோடு வந்து பத்து நிமிடத்தில் துணி வாங்கிக்கொண்டு போனவரிடமிருந்து வந்தது என்று நாங்கள் உறுதியாகக் கண்டுபிடித்தவை மிகக் குறைவு. முகக்கவசத்தைக் கழற்றி, மூடிய இடத்தில், நெடுநேரம் சேர்ந்திருந்த இடங்களில்தான் சங்கிலி நீண்டது. உங்கள் மாதிரிக் கடைகளில் ஆபத்து பெரும்பாலும் வாடிக்கையாளர் நிற்கும் பக்கம் இல்லை. பின்கட்டில் ஏசி அறையில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிடும் இடத்திலும், ஊழியர்கள் பத்துப் பேர் தங்கும் ஒரே அறையிலும்தான். ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வாடிக்கையாளரிடமிருந்து தொற்றினால் அதைக் கண்டுபிடிப்பது இயல்பாகவே கடினம், யார் வந்தார் என்று யாருக்கும் நினைவிருக்காது. ஆகவே நாங்கள் குறைவாகக் கண்டுபிடித்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

எண்ணிக்கைக்குள் வராமலே போனவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2020 மே, ஜூனில் ஏற்கனவே தொற்று வந்துபோனதா என்று ரத்தத்தில் பார்க்கும் நாடு தழுவிய முதல் ஆய்வில், கண்டுபிடிக்கப்பட்ட ஒவ்வொரு தொற்றுக்கும் 82 முதல் 130 தொற்றுகள் வரை இருந்திருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் நடந்த இரண்டாவது ஆய்வில் அது 26 முதல் 32 ஆகக் குறைந்தது. அப்படியென்றால் தினசரி எண்ணால் என்ன பயன் என்று கேட்பீர்கள். தவறவிடும் பங்கு வாரத்துக்கு வாரம் ஒரே அளவில் இருந்தால், எண் சின்னதாக இருந்தாலும் ஏற்ற இறக்கம் சரியாகவே தெரியும். சிக்கல், அந்தப் பங்கு மாறும்போதுதான். இந்தியாவில் அதை மாற்றியதில் பயத்துக்குப் பெரிய பங்கு உண்டு. வீட்டு வாசலில் தகரம் அடித்தார்கள், தெருவை அடைத்தார்கள், கடைக்குச் சீல் வைத்தார்கள். அதைப் பார்த்த அடுத்த தெருக்காரர் காய்ச்சலைச் சொல்லமாட்டார். நான் விசாரிக்கப்போன ஒரு பட்டறையில் முதலாளி நான்கு ஊழியர் பெயரைத்தான் கொடுத்தார். ஒன்பது பேர் அங்கே தங்கியிருந்தார்கள் என்பது ஒரு வாரம் கழித்து, அவர்களில் ஒருவர் மூச்சுத்திணறலோடு வந்தபோதுதான் தெரிந்தது. அவர்மேல் எனக்கு அன்று கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தால், ஒன்பது பெயரையும் கொடுத்திருந்தால் நாங்கள் செய்திருக்கக்கூடியது பட்டறையைப் பதினான்கு நாள் மூடுவதுதான். அந்தப் பதினான்கு நாள் கூலிக்கு யாரிடமும் பதில் இல்லை. உண்மையைச் சொல்பவருக்குத் தண்டனை என்று ஆகிவிட்டால் எந்தக் கண்காணிப்பும் வேலைசெய்யாது.

இனி ஒரு முறை வந்தால் என்ன பார்ப்பது? மூச்சு வழியாகப் பரவும் நோய் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன், வேறு வகையாக இருந்தால் பல விஷயம் மாறும். டிவி எண்ணுக்கு முன்னால் உங்கள் ஊரே உங்களுக்குச் சொல்லும். பக்கத்து மருந்துக்கடைக்காரரிடம் பாராசிட்டமாலும் இருமல் மருந்தும் எப்படிப் போகிறது என்று வாரம் ஒருமுறை கேளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காய்ச்சலுக்கு வருகிறவர்கள் கூடியிருக்கிறார்களா என்று கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள், அவர் மறைக்கமாட்டார். சென்னையில் 2020-ல் தெருத்தெருவாகக் காய்ச்சல் முகாம் போட்டதும் இந்த அடிப்படையில்தான். மழைக்காலத்தில் மட்டும் இதில் ஜாக்கிரதை, டெங்குவும் சாதாரண ஃப்ளூவும் சேர்ந்து உங்களைக் குழப்பும். அடுத்தது மாவட்டத்தின் 7 நாள் கூட்டுத்தொகை, அதோடு பரிசோதனை எண்ணிக்கை, இரண்டையும் சேர்த்தே பாருங்கள். மூன்றாவது, ஆக்சிஜன் படுக்கைகள் எத்தனை காலி என்பது. அது தாமதமான அடையாளம்தான், ஆனால் பரிசோதனை விதி மாறினாலும் பயத்தில் மறைத்தாலும் அது அவ்வளவாக மாறாது. மூச்சுத்திணறலை யாரும் வீட்டிலேயே வைத்துக்கொண்டிருக்க முடியாது. இந்த மூன்றில் இரண்டு ஒரே பக்கம் காட்டினால் நம்புங்கள். ஒன்று மட்டும் காட்டினால் ஒரு வாரம் பொறுங்கள், ஆனால் அந்த வாரம் ஜன்னலைத் திறந்துவைத்து, பின்கட்டுச் சாப்பாட்டை ஒருவர் ஒருவராக வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் பார்க்கச் சொல்வது, வெளியே சொல்லப்படாத அந்த எண். புதிதாக வந்தவர்களில் எத்தனை பேருக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியும்? வணிகர் சங்கமாகச் சேர்ந்து வட்டார மருத்துவ அலுவலரிடம் இதைக் கேளுங்கள். பெயர் வேண்டாம், தெரு வேண்டாம், பத்தில் எத்தனை என்று மட்டும். பத்தில் எட்டு, ஒன்பது என்றால் எண் கொஞ்சம் கூடினாலும் கடை திறந்திருக்கலாம் என்று நான் சொல்வேன். நான்கு, ஐந்து என்று இறங்கினால், எண் சின்னதாக இருந்தாலும், அரசாணை வருவதற்கு முன்பே நீங்களாக ஆட்களைக் குறைத்துக்கொள்வது நல்லது. இந்த எட்டும் நான்கும் எந்தப் புத்தகத்திலும் இருந்து எடுத்தவை இல்லை, என் அனுபவத்தில் எனக்குக் கை நடுங்கத் தொடங்கிய இடங்கள், அவ்வளவுதான்.

உங்கள் பக்கத்திலிருந்தும் ஒன்று வேண்டும். ஒரு நோட்டு போட்டு, தினமும் யார் வேலைக்கு வந்தார்கள், யாருக்கு உடம்பு சரியில்லை, யார் யார் ஒரே அறையில் தங்குகிறார்கள் என்று தேதியோடு எழுதிவையுங்கள். காய்ச்சல் என்று சொல்லிவிட்டு வீட்டில் இருப்பவருக்கு அந்த நாட்களின் சம்பளத்தைப் பிடிக்காதீர்கள், பிடித்தால் அடுத்தவர் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்கு வந்துவிடுவார். உங்கள் கடையில் நோய் தொற்றியதா என்ற கேள்விக்கு 2020-க்காக இன்றைக்கு என்னால் பதில் சொல்ல முடியாது, எழுதிவைத்தது எதுவும் இல்லையே. அந்த நோட்டு இருந்திருந்தால் நானும் நீங்களும் உட்கார்ந்து ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்திருப்போம்.